பீத்துணி

“பாப்பாவோட பீத்துணிய இனிமே நீதான் தோய்க்கணும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு. என் புருஷன் பாலாஜி வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே நிறுத்தினான். மாமியார் தாயாரம்மாள் கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் விட்டுவிட்டார். அது காம்பு வரைக்கும் மூழ்கிப் போனது.

இந்த ஒன்றை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் என் அம்மா அனுப்பினாள். பிரசவம் முடிந்து பிள்ளையோடு சேரப்பணஞ்சேரியில் இருக்கும் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகு காதோடு சொன்னாள்: “நகை கேளு, தனிக்குடித்தனம் கேளு, சண்ட போடு. பீத்துணிய மட்டும் ஆம்பள கையில குடுத்துடாதடி. அந்தப் பேரு ஒட்டிக்கும்.” யாருக்கு ஒட்டும் என்று அம்மா சொல்லவில்லை. எனக்குத்தான், வேறு யாருக்கு? எங்கள் சொந்தத்திலேயே முதலில் காலேஜுக்குப் போனவள் நான். பி.எஸ்ஸி. கணக்கு. அன்றிலிருந்து வீட்டில் பால் திரிந்தால்கூட என் படிப்பின் மேல்தான் விழும்.

“இன்னாடா சொல்றா இவ?” மாமியார் என்னைப் பார்க்காமல் அவனைக் கேட்டார்.

“இரும்மா.”

“வர்ற ஞாயித்துக்கெழமையோட எனக்கு லீவு முடியுது. திங்கக்கெழம ஏ ஷிஃப்ட். காலைல அஞ்சு இருவதுக்கு பஸ்ஸு. உனக்கு பி ஷிஃப்ட்தான, ஒன்றரை மணி வரைக்கும் வூட்லதான இருப்ப? புள்ளைய நீ பாத்துக்கோ. புட்டிப் பால் குடு, மாத்து, தோய், காயப்போடு. ஒன்றரைல இருந்து நான் வர்ற வரைக்கும் பின்னால கனகா அக்கா பாத்துக்கறேன்னு சொல்லிக்கீறாங்க.”

இதில் புதிதாக எதுவும் இல்லை. ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் நான்கு வருடம் மெஷினில் உட்கார்ந்தவள் நான். வயிற்றில் ஆறு மாதம் இருக்கும்போது உள்தேர்வு எழுதி, தைத்ததைச் சரிபார்க்கும் குவாலிட்டிப் பிரிவுக்குத் தேர்வானேன். பட்டம் வாங்கி ஐந்து வருடத்தில் என் படிப்புக்கு ஏற்றது என்று சொல்ல வந்த முதல் இடம் அது. பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. நான் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர் கலைமதி. கலைமதி நல்ல பெண். அவளுக்கு விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

“நாங்கல்லாம் புள்ள பெத்து வளக்கலையா?” என்றார் மாமியார். “மூணு பெத்தேன். இவங்கப்பா ஒரு நாளு தொட்டுக்கீறாரா? ஆம்பள கையால அதத் தொடவுட்டா வூடு வெளங்குமா? டிகிரி படிச்சவளாம், டிகிரி!”

“நீங்க தெனம் போயி ஊர் ஆம்பளைங்க கக்கூஸக் கழுவிட்டு வரலாம். உங்க புள்ள, தான் பெத்த புள்ள பீயத் தொட்டா வூடு வெளங்காதா?”

சொன்ன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று புரிந்தது. மூன்று வருடம் முன்னால் மாமனார் வரதராஜன் இறந்த பிறகு, ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அக்கம்பக்கத்தில் கேன்டீன் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு லைன் வீடுகள், நான்கிலும் குடித்தனக்காரர்கள். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் திறந்திருந்தது.

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கேட்டது நியாயம் என்பதால் நான் சொன்னதும் நியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

“போதுமா? சந்தோசமா உனக்கு?” என்றான் பாலாஜி.

“நீ இன்னும் பதில் சொல்லல.”

“பாக்கலாம்.”

பாலாஜியின் ‘பாக்கலாம்’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கே அது ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டது.

*

கடை டயபர் என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொடை இடுக்கு சிவந்து, தோல் உரிந்து, ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் அலறினாள். புண் ஆறும் வரை துணியே கட்டுங்கள் என்றார் டாக்டர். வேட்டித் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டினால் ஒரே தடவையில் அவளும் நனைவாள், தூக்கினவரும் நனைவார், கீழே விரித்த பாயும் நனையும்.

முதல் லைன் வீட்டில் இருக்கும் கனகலட்சுமி அக்காவின் கண்டிஷன் அங்கேதான் வந்தது. அக்காவுக்குத் திசையன்விளைப் பக்கம். புருஷன் இசக்கிபாண்டி கம்பெனிக்குப் போவார், அக்கா வீட்டிலேயே மிதி மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பார்.

“ரெண்டு மணி நேரந்தான பிள்ள, நான் பாத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. என் மடியில எப்பமும் ஊரான் வீட்டுப் பட்டு ஜாக்கெட்டுதான் கெடக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் என் பொழப்பு போச்சு. நனையாம வச்சிருந்தா கொண்டா. இல்லைன்னா வேண்டாம்.”

திங்கட்கிழமை காலையிலேயே ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்குப் போய் எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் வாங்கி வந்தேன். மிச்சமிருந்த கடை டயபர் ஒன்றைப் பிரித்து, நியூஸ்பேப்பர் மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றி வரைந்தேன். இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கிய உடுக்கை மாதிரி வந்தது. உள்ளே வைக்க மாமனாரின் பழைய வேட்டி நான்கு மடிப்பு, அதன் நடுவில் டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. இது உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு மேல் போட நனையாத உறை வேண்டும். அதற்கு என் மழைக்கோட்டு இருந்தது. சேஃப்டி வாரத்தில் கம்பெனி கொடுத்தது. முதுகில் பெரிய மஞ்சள் எழுத்தில் ‘பாதுகாப்பே முதல்’ என்று அச்சடித்திருக்கும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. பரவாயில்லை என்று கத்தரியை வைத்தேன். பிள்ளையின் பின்பக்கத்தில் கம்பெனி எழுத்து வரக்கூடாது என்று முதுகை விட்டுவிட்டு, கைகளையும் முன்பக்கத்தையும் வெட்டி நடுவில் ஒட்டுப் போட்டேன்.

மத்தியானம் அக்கா சாப்பிட்டுப் படுக்கிற ஒரு மணி நேரம் மெஷின் எனக்கு. ஒரு காலால் தூளியை ஆட்டுவேன், இன்னொரு காலால் மிதிப்பேன். இரண்டும் ஒரே தாளத்தில் வராது. பாப்பா சிணுங்குவாள், நூல் அறும், திரும்பக் கோப்பேன், அதற்குள் அவள் அழுவாள். மனசு முழுக்கத் திங்கட்கிழமையில் இருந்தது. இன்னும் ஆறு நாள், ஐந்து நாள்.

“ஏட்டி, பிள்ளைக்குத் தைக்கியா, லாரிக்கு சீட்டு தைக்கியா?” படுத்தபடியே கேட்டார் அக்கா. “மெஷினு கிடுகிடுன்னு ஆடுது.”

“உறுதியா இருக்க வேணாமாக்கா?”

“அதுல பேண்டு வைக்கப்போறா. அதுக்கு எதுக்கு இம்புட்டு உறுதி?”

நான்கு வருடம் பழகிய கை. எங்கள் கம்பெனி லைனில் ஒற்றைத் தையல் என்றால் பாதித் தையல். இரண்டு துண்டை இணைத்து, விரித்து, மூட்டின் இரு பக்கமும் மேலே ஒவ்வொரு வரி ஓட்ட வேண்டும். அதுதான் உறுதி, அதுதான் பார்வைக்கு அழகு. மூன்று உறையிலும் நடு மூட்டில் இரட்டை வரி ஓட்டினேன். ரூல் போட்ட மாதிரி நேராக வந்தது. குவாலிட்டியில் நானே உட்கார்ந்திருந்தாலும் பாஸ் போட்டிருப்பேன்.

புதன்கிழமை சோதனை. ஒன்றரை மணிக்கு பாலாஜியின் பஸ் போனதும் பாப்பாவுக்கு உள்துணி வைத்து, மேலே உறை மாட்டி, அக்கா மடியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். உட்கார முடியவில்லை. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

“ஏளா பிரியா! இங்க வா!”

அக்கா பிள்ளையைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்திருந்தார். மடியில் பச்சைப் பட்டு ஜாக்கெட். அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

“பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. ஒன் தையல் மேலதான் குத்தம். கல்யாண வீட்டு ஜாக்கெட்டு இது. நான் அவாகிட்ட என்ன சொல்ல? கொண்டு போ.”

“அக்கா, ஒரே ஒரு தடவ…”

“மெஷின வேணும்னா தாரேன். மடியத் தரமாட்டேன்.”

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மாமியாருக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சில்லை. அதனால் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: “டிகிரி ஒழுவுது போல.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாமல். உறையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பை மாதிரிப் பிடித்துத் தண்ணீரை நிரப்பித் தூக்கிப் பார்த்தேன். துணி ஒழுகவில்லை. தையல் ஒழுகியது. ஒவ்வொரு ஊசித் துளையிலும் ஒரு சொட்டு. நான் ஓட்டிய இரண்டு வரியும் கோத்து வைத்த பாசிமணி மாதிரி வரிசையாக மின்னின. எவ்வளவு நேராகத் தைத்திருக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தது.

நூலைப் பிரித்தாலும் பயனில்லை. மழைக்கோட்டில் விழுந்த ஓட்டை மூடாது. நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் சீட்டு தைத்திருப்பேன்! ஊசி இறங்கும் இடமெல்லாம் ஓட்டைதான் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. சீட்டில் யாரும் ஒண்ணுக்குப் போவதில்லை.

*

வியாழக்கிழமை மழைக்கோட்டின் முதுகை வெட்டினேன். இந்தத் தடவை நடுவில் மூட்டே இல்லை. குண்டூசியும் குத்தவில்லை, கொடியில் போடும் துணி கிளிப்பால் பிடித்துக்கொண்டேன். எலாஸ்டிக்குக்கு மட்டும் ஓரத்தில் ஒரே ஒரு தையல், அதையும் ஈரம் படாத பக்கமாக மடித்து விட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரி ஓட்டக் கை தானாகப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை நிறுத்தினேன். மூன்று உறை வந்தது. ஒன்றில் ‘பாது’, ஒன்றில் ‘காப்பே’, ஒன்றில் ‘முதல்’.

வெள்ளிக்கிழமை காலை பாத்ரூம் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம். பிறகு குழாய்ச் சத்தம், அரை மணி நேரம். பாலாஜி சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தான். அவன் துவைத்துவிட்டான்! இரண்டு தோசை அதிகம் வைத்தேன்.

வாசல் கொடியில் துணி இல்லை. சாயங்காலம் ஸ்டோர் ரூமைத் திறந்தால் ஒரு வாடை. அவனுடைய யூனிஃபார்ம் சட்டைகளுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், எட்டுத் துணியும் காயாமல் தொங்கின. எல்லாவற்றையும் திரும்ப அலசி வாசல் தகர ஷீட்டுக்குக் கீழே கொடியில் போட்டேன்.

சனிக்கிழமை காலை அதைப் பார்த்ததும் கத்தினான். “தோய்க்கச் சொன்ன, தோய்ச்சேன். தெருவுக்குக் காட்டணுமா?”

“காத்துல போடாம எப்புடி காயும்?”

“உனக்கு இன்னா? பின்னாடி வூட்டு சுபாஷ், நான் தோய்க்கறத பாத்ரூம் ஜன்னல்ல பாத்துட்டான். நேத்து பஸ்ஸுல ஏறுனவுடனே, ‘வாங்க டயபர் பாலாஜி’ன்றான். டிரைவர் மொதக்கொண்டு சிரிக்கறாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சொன்ன பேர் ஒட்டத்தான் செய்தது, ஆள்தான் மாறிவிட்டது.

“சிரிக்காதடி.”

“சரி, சிரிக்கல. அடுத்த வாரம் பி ஷிஃப்ட்டு உனக்கு இருக்கு. அதுக்கப்புறம் ஷிஃப்ட்டு மாறுமே, பி-யே வேணும்னு கேட்டியா?”

“கேக்கப் போனேன். எதுக்குன்னாரு சூப்பர்வைசர். இன்னான்னு சொல்றது?”

“புள்ளைய பாத்துக்கன்னு சொல்றது.”

அவன் தலையைச் சொறிந்தான். “பாக்கலாம்.”

அன்று மத்தியானம் கனகா அக்காவிடம் போய் நின்றேன். “ஒரு தடவைக்கா. பட்டு வேணாம், பழைய லுங்கிய மடியில போட்டுக்குங்க.” அக்கா வேண்டாவெறுப்பாக வாங்கினார். ஒன்றரை மணி நேரம். நான் வாசற்படியிலேயே நின்றேன். பிறகு அக்கா வெல்க்ரோவைப் பிரித்துப் பார்த்தார். உள்துணி கனத்துத் தொங்கியது. லுங்கியைத் தடவினார், உதறினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

“நனையலட்டி,” என்றார். பாப்பாவின் முதுகுப் பக்கம் ‘முதல்’ என்று இருந்ததைப் படித்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். “சரி, திங்கக்கெழம ஒன்றரைக்குக் கொண்டாரச் சொல்லு ஒன் மாப்பிள்ளைய.”

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. பாலாஜி கடைக்குப் போயிருந்தான். மாமியார் பாப்பாவை மடியில் வைத்திருந்தார். ஏழு நாள் கழித்து என்னிடம் நேராகப் பேசினார்.

“நான் அங்க போயி கழுவறது இன்னாத்துக்குன்னு நெனச்ச? எம்புள்ள கையில அந்த வெளக்கமாறு வரக்கூடாதுன்னுதான். அத நீ வந்து குடுக்கற.”

“அன்னைக்கு அப்புடி சொன்னது தப்புதான் அத்தை. ஜன்னல் தெறந்திருந்தது எனக்குத் தெரியாது.”

“தெரியும் உனக்கு.”

தெரியும்தான்.

“ஆனா அது ஊரான் பீ அத்தை. இது அவன் புள்ளது.”

“நாறாத பீ எங்கடி கீது?” பாப்பாவின் காலைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். “இத்த கேளு. நான் வேலைய வுட்டுடறேன். நான் பாத்துக்கறேன், நானே தோய்க்கறேன். நீ உன் வேலைக்குப் போ. அவன வுட்டுடு.”

சரி என்று சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். சண்டை இல்லை, கொடி இல்லை, சூப்பர்வைசர் இல்லை. நான் பாட்டுக்குப் போகலாம், வரலாம். ஆனால் அவர் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் பார்த்திருக்கிறேன். நான்கைந்து பெண்களோடு கடைசிப் படி வரை சத்தமாகச் சிரித்துக்கொண்டே இறங்குவார். வீட்டு வாசல் வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும். மாமனார் இருந்த காலத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

“வேணாம் அத்தை. உங்க வேலையும் போவக்கூடாது, என்னோடதும் போவக்கூடாது.”

“அவன் செய்ய மாட்டான்டி.”

“வெள்ளிக்கெழம செஞ்சான்.”

“ஒரு நாளு.”

“ஒரு நாளு செஞ்சவனுக்கு ரெண்டாவது நாளு கை சுளுக்கிடுமா?”

பாலாஜி வந்ததும் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பக்கெட்டைக் காட்டினேன். நீலம் பீத்துணிக்கு, சிவப்பு ஒண்ணுக்குத் துணிக்கு. சரி சரி என்றான். இன்னொரு தடவை காட்டினேன்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கே விழித்துவிட்டேன். குளித்து, யூனிஃபார்ம் போட்டு, ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டும்போது ஐந்து அடித்து ஐந்து நிமிடம். வெளியே மழை. பாப்பா நெளிந்தாள், முக்கினாள், வாடை வந்தது. பிறகு அழ ஆரம்பித்தாள்.

“பாலாஜி. எழுந்திரு. போயிட்டா.”

அவன் கண்ணைத் திறக்கவில்லை. “நீயே மாத்திட்டுப் போயேன். டைம் கீதுல்ல.”

டைம் இருந்தது. பஸ் நிற்கிற இடம் ஆறு நிமிட நடை, இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம். மாற்ற எனக்கு மூன்று நிமிடம் போதும், என் கை அவ்வளவு வேகம். இன்றைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு மூன்று நிமிடம். அடுத்த மாதம் பாப்பாவுக்குச் சளி பிடிக்கும், ஒரு நாள் லீவு போடு என்பார்கள். அதற்கடுத்த மாதம் கலைமதி என் நாற்காலியில் இருப்பாள்.

கீழே பாயில் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்தார். கை பிள்ளை பக்கம் நீண்டது.

“அத்தை, வேணாம்.”

கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அழுகிற பிள்ளையைப் பார்த்தார். பிறகு கையை இழுத்துக்கொண்டு படுத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்.

ஆணியில் பாலாஜியின் மழைக்கோட்டு தொங்கியது. வீட்டில் இருக்கப்போகிறவனுக்கு அது எதற்கு? எடுத்து மாட்டிக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே இறங்கியது, கை விரலை மறைத்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

பாப்பா வீறிட்டாள். மார்பில் பால் சுரந்து யூனிஃபார்ம் நனைவது தெரிந்தது. நிற்கவில்லை, படியில் இறங்கினேன். கொடிக்குக் கீழே குனிந்து தெருவுக்கு வந்தேன்.

“ஏய் பிரியா! எந்த பக்கெட்டுலடி போடணும்?”

இரண்டு தடவை காட்டியிருக்கிறேன். திரும்பாமல் மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.